தூக்குத் தண்டனைக்கு முன் மனநல அறிக்கை: விசாரணை நீதிமன்றங்களில் தேங்கும் அறிவியல்

புது தில்லி: மத்தியப் பிரதேச மாநிலம் இந்தூரில் 2011-ஆம் ஆண்டு கொள்ளையின்போது ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்கள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் மூவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2022 மே 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சம் 25 ஆண்டுகள் நீடிக்கும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. நீதிபதி யு.யு. லலித் தலைமையிலான அமர்வின் அத்தீர்ப்பு வேறொரு காரணத்துக்காகவே இன்று அதிகம் பேசப்படுகிறது. மரண தண்டனை விதிக்க வாய்ப்புள்ள வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவரின் மனநல, உளவியல் மதிப்பீட்டை மாநில அரசே விசாரணை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்; அதனை முன்கூட்டியே திரட்டி வைப்பது நல்லது என்று அமர்வு கூறியது.

'முன்கூட்டியே' என்ற சொல்லில்தான் சிக்கலின் முடிச்சு உள்ளது. குற்றம் நிகழ்ந்த காலத்துக்கு அருகில் செய்யப்படும் பரிசோதனையே அக்காலத்திய மனநிலையைக் காட்டும். பத்தாண்டு சிறைவாசத்துக்குப் பின் செய்யப்படும் பரிசோதனையில் பெரும்பாலும் தென்படுவது சிறை ஏற்படுத்திய மனநிலையாகும்.

இத்தகைய வழிகாட்டுதலின் தேவையை உணர்த்திய ஆய்வு தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதன் 'புராஜெக்ட் 39ஏ' குழு, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிபுணர்களின் வழிகாட்டுதலுடன் மரண தண்டனைக் கைதிகள் 88 பேரை ஆராய்ந்து 2021 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தனர். சுமார் 11 சதவீதத்தினருக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. இந்நோய்களே குற்றத்துக்குக் காரணம் என்று ஆய்வு கூறவில்லை. அவ்வாறு வாசிப்பது பிழை. மனநோயாளிகள் அனைவர் மீதும் சந்தேகம் படியச் செய்யும் பிழையும்கூட.

இந்த இரு எண்களையும் ஒன்றாகக் கருத இயலாது. மனச்சோர்வும் பதற்றமும் தூக்கு மேடையின் நிழலில் வாழ்வதால் விளையக்கூடியவை. அறிவுசார் குறைபாடோ இளம் பருவத்திலேயே தோன்றுவது, சிறையில் உருவாவதன்று. கேள்விக்குத் தலையசைப்பவர் அதனைப் புரிந்துகொண்டார் என்றே காவலரும் வழக்கறிஞரும் நீதிபதியும் எண்ணக்கூடும். முறையான பரிசோதனையின்றி இக்குறை வெளிப்படாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அறிவுசார் குறைபாடு உடையோருக்கு மரண தண்டனை நிறைவேற்றுவதை 2002-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய வெளிப்படையான தடை இல்லை.

இந்தியச் சட்டம் மனநலத்தை மூன்று கட்டங்களில் அணுகுகிறது. குற்றம் புரிந்த நேரத்தில் சித்த சுவாதீனம் இல்லாதிருந்தால் அது குற்றமாகாது என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு; இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு. அடுத்தது தண்டனை அளவை முடிவு செய்யும் கட்டம். இறுதியானது, தண்டனை நிறைவேற்றும் கட்டம். மனநோயை மரண தண்டனைக் குறைப்புக்கு ஒரு காரணமாக 2014-ஆம் ஆண்டு சத்ருகன் சௌகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனினும் தண்டனைக்குப் பின் தோன்றும் நோய் கடுமையானதாக இருக்க வேண்டும் என 2019-இல் வரையறுத்தது. மனச்சிதைவு போன்ற நோய்கள் அதில் அடங்கும். ஆய்வில் மிகுதியாகக் காணப்பட்ட மனச்சோர்வு அவ்வரையறைக்குள் எளிதில் வராது.

கொல்லப்பட்டோரின் குடும்பத்தினருக்கு இவ்விவாதம் தாமதமாகவே தோன்றும். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் மனநல அறிக்கை எவரையும் விடுவிப்பதில்லை. குற்றவாளி திருந்த வாய்ப்பில்லை என்பதைச் சான்றுடன் நிறுவ வேண்டியது அரசே என்று 1980-ஆம் ஆண்டின் பச்சன் சிங் தீர்ப்பு கூறுகிறது. 'அரிதினும் அரிதான' என்ற சொற்றொடரை நினைவில் கொண்ட நீதிமன்றங்கள், அதே தீர்ப்பின் இந்தப் பகுதியைப் பல வேளைகளில் மறந்துவிட்டன.

நடைமுறைத் தடைகளும் பல. நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. சிறை மருத்துவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு 'மனநிலை சீராக உள்ளது' என எழுதும் ஒற்றை வரி, மதிப்பீடு ஆகாது. குடும்பம், பள்ளி, பழைய மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றை வாரக்கணக்கில் திரட்டியே உண்மையான அறிக்கை உருவாகும். தீர்ப்பு நாளன்றே தண்டனையும் அறிவிக்கப்படும் நீதிமன்றத்தில் அதற்கு இடமேது? இக்கேள்வியையே 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியது.

2025 ஆகஸ்டில், நாகபுரி வழக்கொன்றின் கைதி தாக்கல் செய்த மனுவில், 2022-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் பின்பற்றப்படாத மரண தண்டனைகளை அரசியலமைப்பின் 32-ஆவது பிரிவின் கீழ் மறுபரிசீலனை செய்ய இயலும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, விசாரணை நீதிமன்றத்தில் தவிர்க்கப்படும் ஓர் அறிக்கை, பல ஆண்டுகளுக்குப் பின் மொத்த தண்டனையையும் மீண்டும் திறக்கச் செய்யலாம். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்களை மாவட்ட நீதிமன்றங்களுக்கு அளிக்கும் பொறுப்பு இப்போது மாநில அரசுகளிடம் உள்ளது.