யாருக்குத் திறந்த பொருளாதாரம்?

அண்மையில் ஒரு கருத்தரங்கில் பேச்சாளரொருவர், "1977 இல் சந்தை எல்லாருக்கும் ஒன்றாகவே திறந்தது, துணிந்தவன் உயர்ந்தான், தயங்கியவன் தங்கிவிட்டான்" என்றார். மண்டபம் கைதட்டியது. என்னால் முடியவில்லை. திருகோணமலையில் விளையாட்டுப் பொருட் கடை வைத்திருந்த என் பெரியப்பாவின் முகம் கண்முன் வந்து நின்றது.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கிழிந்த தோற்பந்தைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைப்பித்து உதைத்த காலம் அது. ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும், பெரியப்பா பெரியம்மாவின் நகைகளை அடகு வைத்துக் கடையைத் தொடங்கினார். சியால்கோட் பந்துகளும் மீரட் மட்டைகளும் கண்ணாடிக்குள் ஏறின. 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியபோது, எங்களூர்ப் பையன்கள் மட்டையின் விலை கேட்டு அவர் கடைவாசலில் நின்றார்கள்.

ஆனால் அந்த மட்டை வந்த வழியைப் பாருங்கள். உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அவருடைய கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. அங்கே பிறீமா ஆலைக்குக் கோதுமை வந்தது; பெரியப்பாவின் சரக்கோ கொழும்பில் இறங்கி, இறக்குமதியாளரின் இலாபத்தையும் சுமந்துகொண்டு, 250 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வந்தது. தாமே நேரடியாகத் தருவிக்க வங்கியை நாடினார். வங்கி காணி உறுதி கேட்டது. அவரிடம் இருந்ததோ வாடகைக் கடை.

1983 இல் திருகோணமலையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பெரியப்பாவின் கடையும் எரிந்தது. பள்ளி மாணவனாயிருந்த நான் அந்தச் சாம்பலில் உருகிய பந்துகளைக் கண்டேன். கலவரச் சேதத்துக்கு இழப்பீடில்லை என்றது காப்புறுதி நிறுவனம். கொழும்புக் கடனை அவர் ஒரு சதம் மிச்சமின்றிக் கட்டித் தீர்த்தார். கடையை மீண்டும் திறக்கவில்லை.

இவரையா துணிவில்லாதவர் என்கிறீர்கள்?

மூடிய பொருளாதாரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதன் வரிசைகளில் நின்றவன் நான். ஆனால் சுங்கக் கதவை மட்டும் திறந்துவிட்டுச் சந்தையைத் திறந்தோம் என்பது பொய். சிறு வணிகனுக்குக் கடனும், அருகிலுள்ள துறைமுகமும், எல்லாவற்றுக்கும் முன்னர் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பும் வேண்டும். 2022 இல் எண்ணெய்க் குதங்களுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். துறைமுகத்தின் எதிர்காலம் பற்றிப் பெரிய மேசைகளில் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. அந்த மேசையில் ஒரு சிறு கடைக்காரனுக்கு நாற்காலி உண்டா என்பதை மட்டும் சொல்லுங்கள். பிறகு கைதட்டுகிறேன்.