மடி நெல்லும் மரக்காலும்

பழைய தஞ்சை ஜில்லாவில், களத்துமேட்டில் இரண்டு பிடி நெல்லை மடியில் முடிந்துகொண்ட கூலிப்பெண்ணுக்கு ஒரே பெயர்தான்: திருடி. கூலி அளக்கச் சின்ன மரக்காலும், குத்தகை அளந்து வாங்கப் பெரிய மரக்காலும் வைத்திருந்த மிராசுதாரருக்கோ 'பெரியவர்' என்று பெயர். கோயிலில் முதல் மரியாதையும் அவருக்கே!

மரக்கால் போய்விட்டது, அளவு மாறவில்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். (5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டானால், பொருளைத் திருப்பிக் கொடுத்தவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. இது நியாயமே.) சேரவேண்டிய கூலியைக் குறைத்துக் கொடுக்கிற முதலாளிக்கோ, 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பில் முதல் தடவைக்கு அபராதம் மட்டுமே; அதிகம் போனால் 50,000 ரூபாய். மறுபடி செய்தால்தான் சிறைப் பேச்சே வருகிறது, அதுவும் 3 மாதம் வரை!

அப்படியானால் ஏழை எடுத்தால் திருட்டே இல்லையா? அப்படி நாம் சொல்லவில்லை. பக்கத்துக் குடிசைக் கோழியைப் பிடிப்பவனும், ரேஷன் அரிசியை எடை குறைத்துப் போடுகிறவரும் கைவைப்பது ஏழையின் உலையில்தான். அதற்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். ஆலை வாசலில் தொழிலாளியின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்க்கிறார்களே, அந்தக் கனவான்கள் சம்பளக் கணக்கையும் அதே வாசலில் திறந்து காட்டட்டும் என்றுதான் கேட்கிறோம்.