சுவரில் யாரை வரைவோம்?

அக்டோபர் 31 நெருங்கிவிட்டால் பெங்களூர்க் கடைகளில் காகித எலும்புக்கூடுகள் தொங்குகின்றன. எல்லை தாண்டி அவை ஓசூருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? சென்ற ஆண்டு எங்கள் வகுப்புச் சுவருக்கும் வந்து சேர்ந்தன. கறுப்புத் தாளில் வௌவால்கள் வெட்டினோம், அட்டையில் கல்லறை ஒன்று செய்து, அதன்மேல் கையசைக்கும் எலும்புக்கூட்டை ஒட்டினோம், சிரித்து மகிழ்ந்தோம். அவ்வாண்டில் தந்தையை இழந்திருந்த தோழி ஒருத்தி மட்டும் அந்தப் பக்கம் முகம் திருப்பாமலே தன் இடத்தில் போய் அமர்ந்தாள். எங்கள் சிரிப்பு அத்தோடு நின்றது.

'ஹாலோவீன்' என்னும் சொல்லுக்கே அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்பதுதான் பொருள். நவம்பர் 1 புனிதர்களின் நாள். நவம்பர் 2 இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் நாள். அன்று கல்லறைகளைக் கழுவிப் பூச்சூட்டி மெழுகுவர்த்தி ஏற்றும் நாம், இரண்டு நாள் முன்பு கல்லறையை விளையாட்டுப் பொருளாக்கலாமா?

அப்படியானால் சுவரில் பேயே கூடாதா? கூடும் என்பதே எங்கள் கருத்து. நம் இலக்கியத்தில் பேய்களுக்கா பஞ்சம்! செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைத்துப் பரிமாறி உண்கின்றன. அக்காட்சியை எண்ணினால் சிரிப்பு வரும். போர் எத்தனை உயிரை விலையாகக் கேட்கிறது என்று எண்ணினால் சிரிப்பு அடங்கும்.

இறந்தோரை வரைவதற்கோ நம் மாவட்டமே வழிகாட்டுகிறது. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைக் காணலாம். ஆநிரை மீட்கப் போராடி மாண்ட வீரர்களுக்கு அக்காலத்தார் இத்தகைய கற்களை நட்டனர். அவற்றில் எலும்பையா செதுக்கினார்கள்? ஆயுதம் ஏந்தி நிமிர்ந்து நிற்கும் மனிதனையே செதுக்கினார்கள். கண்ணகிக்காகச் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்ததைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் கூறுகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என அதன் காதைப் பெயர்களே ஐந்து படங்களுக்குத் தலைப்பாகின்றன.

இவ்வாண்டு அந்த ஐந்தையும்தான் வரைந்தோம். கடைசிப் படத்தின் கீழே வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, அவரவர் வீட்டில் மறைந்தவர் பெயரை எழுதச் சொன்னோம். முதற் பெயரை எழுதியவள் அந்தத் தோழியே.

தங்கைகளே, அடுத்த ஆண்டு இச்சுவர் உங்கள் கைக்கு வரும். பேய்களை வரைந்து எங்களைச் சிரிக்க வையுங்கள். இறந்தோரை மட்டும் சிரிப்புக்கு இடமாக்காதீர்கள்.