மருந்து சும்மாதானே, பிறகென்ன?

பெல்மதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, வீட்டார் உதவி கேட்டுப் போனால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் கிடைக்கிறது: "மஹரகமையில எல்லாம் சும்மாதானே பாக்குறாங்க, பிறகென்ன?" கோயில் கமிட்டியில் சொல்கிறார்கள். தோட்டத்து ஒப்பீசில் சொல்கிறார்கள். லயத்தில் பிறந்து, படித்து, உத்தியோகத்துக்குப் போன நம் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். பிழைக்கக்கூடியவரைச் சாகவிடும் பதில் இது.

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையைப் பற்றி எனக்குக் குறை கிடையாது. ஏழை, பணக்காரர் பாராமல் கீமோவும் கதிர்வீச்சும் கொடுக்கும் இடம் அது. ஆனால் அந்த இலவசம் வைத்தியசாலையின் கேட்டுக்குள் மட்டும்தான். கேட்டுக்கு இந்தப் பக்கம் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் காசு வேண்டும்.

வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு என்றால் வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய நாட்களில் எஞ்சிய புற்றணுக்கள் மறுபடி பெருகத் தொடங்கிவிடும். பெல்மதுளை டவுனைத் தொட்டுப் போகும் ஏ4 வீதிதான் மஹரகம வழியாகவும் போகிறது. தூரம் ஏறக்குறைய 100 கிலோமீற்றர். தொண்டை வெந்து எச்சில் விழுங்க முடியாதவர் தினமும் பஸ்ஸில் போய் வர முடியாது, அங்கேயே தங்கத்தான் வேண்டும். சி.சி.சி. இல்லம் போன்ற தங்குமிடங்கள் மஹரகமையில் இருக்கின்றன, காசு வாங்காமல் இடம் கொடுக்கிறார்கள். அது பெரிய புண்ணியம். ஆனால் கொழுந்து பறிக்காத, பால் வெட்டாத நாளுக்குச் செக்ரோலில் பேர் விழாது. 2024 வர்த்தமானியில் வந்த அன்றைய அடிப்படை நாட்சம்பளமான 1350 ரூபாவையே வைத்துப் பார்ப்போம். ஆறு வாரத்தில் 30 நாள். நோயாளிக்கு 40,500 ரூபா போய்விட்டது. துணைக்குப் போகும் கணவனோ மகளோ தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்றால் அவருக்கும் அதே 40,500. இரண்டும் சேர்ந்து 81,000. இதில் பஸ் காசு இல்லை, மலையிலிருந்து வீதிக்கு வரும் த்ரீவீலர் காசு இல்லை, விழுங்க முடியாதவருக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மா இல்லை. லயத்தில் விட்டுவந்த பிள்ளைகளுக்கு யார் சமைக்கிறார்கள் என்ற கேள்வியும் இல்லை.

நாலாவது வாரத்தில் அந்தக் குடும்பம் திரும்பி வருகிறது. உடனே ஊர் அடுத்த வாக்கியத்தைச் சொல்கிறது: "சும்மா கிடைச்ச வைத்தியத்தைப் பாதியில விட்டுட்டு வந்துட்டாங்க. தோட்டத்து ஆட்களுக்கு அறிவில்லை." எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். சிகிச்சைக்கு விலையே இல்லை என்று முதலில் நம்பிக்கொண்டால், அதை விட்டு வருகிறவர் முட்டாளாகத்தானே தெரிவார்? அவர் கையில் காசு தீர்ந்ததை யாரும் பார்ப்பதில்லை.

"குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். எந்தக் குடும்பம்? ஒரே காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கிற வீட்டில், சீழ் வடியும் புண்ணை எப்படிக் கழுவிக் கட்டுவது என்று அந்த மகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? புற்றுநோய் தொற்றாது. ஆனாலும் பல வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் கிளாஸ். வெறுப்பினால் செய்வதில்லை. பயத்தினால் செய்கிறார்கள், அந்தப் பயத்தைத் தெளிவிக்க லயத்துப் படியேறி யாரும் வருவதில்லை.

வரவேண்டிய அவசரம் நம் மாகாணத்தில் அதிகம். சப்ரகமுவவில் 30 வயதைக் கடந்த 1029 பேரின் வாயைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, 11.3 வீதமானோருக்குப் புற்றாக மாறக்கூடிய அறிகுறிகள் இருப்பதாகக் கணித்தது. வெற்றிலை மெல்வதே முக்கிய காரணம். குளிரிலும் பசியிலும் கொழுந்து மலையில் நிற்கிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு சாப்பாட்டுக்குச் சமம், அதனால் வெறும் அதட்டல் பலிக்காது. வாயில் வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே கண்டுபிடிக்க ஒரு டோர்ச் லைட்டும் பழகிய கண்ணும் போதும். 1980களிலேயே இலங்கையில் சாதாரண சுகாதார ஊழியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கேரளத்தில் இதைவிடத் தூரம் போனார்கள். டொக்டர் எம். ஆர். ராஜகோபால், டொக்டர் சுரேஷ்குமார் முதலானோர் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பணி, பிறகு அக்கம்பக்கத்து ஆட்களின் கைக்கு வந்தது. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் போனார்கள். தாதி புண்ணைக் கழுவினார், வலிக்கு மோர்பின் வீட்டுக்கே வந்தது, அரிசி தீர்ந்த வீட்டுக்கு அரிசியும் வந்தது. 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. அவர்களும் பணக்கார ஊர்க்காரர்கள் அல்ல.

நமக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்காம்பரா ஆயம்மா எல்லா வீட்டுக்கும் தெரிந்தவர். குடும்பநல மாது மாதாமாதம் வருகிறார். மாகாண சமூக சேவைத் திணைக்களத்தில் புற்றுநோயாளருக்கு உதவிக் கொடுப்பனவு உண்டு. ஆனால் நம்மில் பலர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், சிங்களப் படிவத்தை வாசிக்கத் தெரியாது. படிவத்தை நிரப்பிக் கூடப் போக ஓர் ஆள் இருந்தால் அந்தக் காசு வீட்டுக்கு வரும்.

இவ்வளவும் அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தோட்டங்களில் மரண சகாய சங்கங்கள் நடத்துகிறோம். சந்தா சேர்க்கிறோம், கணக்கு வைக்கிறோம், ஒருவர் கண் மூடிய அன்றே பெட்டிக்கும் பந்தலுக்கும் காசு எடுத்துக் கொடுக்கிறோம். பெட்டிக்குக் காசு கொடுத்த அதே கையால், அவர் உயிரோடிருந்த நாலாவது வாரத்தில் பஸ்ஸுக்குக் கொடுத்திருக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் சங்க விதியில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: சிகிச்சைக்குப் போகும் அங்கத்தவருக்கு வழிச்செலவு, துணைக்குப் போகிறவருக்கு, போன நாளுக்கெல்லாம் அரைப்பேர் சம்பளம்.