சீருடைச் செலவு யார் தலையில்?



ஜவுளிக்கடை, ஓட்டல், மருத்துவமனை என்று எங்கு பார்த்தாலும் சீருடை. அணியச் சொல்பவர் முதலாளி. பல இடங்களில் அதற்குப் பணம் கொடுப்பவரோ தொழிலாளி! கத்தரிக்கோலைத் தையல்காரரும் ஸ்பேனரை மெக்கானிக்கும் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளும் நிலையும் உண்டு. 'இதற்கு வருமான வரியில் கழிவு கிடைக்காதா?' என்று சம்பளம் வாங்கும் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சம்பளக்காரர் தன் பணத்தில் வாங்கும் சீருடைக்கோ கருவிக்கோ நம் நாட்டுச் சட்டத்தில் தனிக் கழிவு இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து நிலையான கழிவு மட்டுமே. பழைய வரி முறையில் 50,000 ரூபாய். 2024-25 நிதியாண்டு முதல் புதிய முறையில் 75,000 ரூபாய்.

ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது. நிறுவனம் சம்பளத்தில் 'சீருடைப்படி' என்று தனியாகப் பிரித்துக் கொடுத்தால், சீருடை வாங்கவும் பராமரிக்கவும் உண்மையில் செலவான தொகைக்கு வரி இல்லை. 6,000 ரூபாய் பெற்று 4,000 ரூபாய் செலவழித்தால், மீதி 2,000 ரூபாய் வருமானக் கணக்கில் சேரும். அதுவும் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கே. 2023-24 முதல், நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். அதில் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே இளைஞர்களே, சீருடைப்படிக்காக மட்டும் பழைய முறைக்குத் தாவாதீர்கள். இரண்டிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய முறை லாபமென்றால், சம்பளப் பிரிவை நிதியாண்டின் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் மாதம் 15,000 ரூபாய் வாங்கும் கடைப் பையனுக்கு இதனால் என்ன பயன்? அவன் வருமானத்துக்கு வரியே கிடையாது. வரியே இல்லாதவனுக்கு ஏது வரிச்சலுகை? அவன் சீருடைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீட்டு அரிசியில் குறைகிற ரூபாய்!

முதலாளியின் நிலையோ வேறு. கணக்கு எழுதி வரி கட்டும் வணிகருக்குப் பணியாளர் சீருடை தொழில் செலவு. 30 சதவீத வரம்பில் இருப்பவர் 10,000 ரூபாய்க்குச் சீருடை வாங்கினால், வரியில் 3,000 ரூபாய் குறையும். பில் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. விற்றுமுதலில் 8 அல்லது 6 சதவீதம் என்று அனுமான முறையில் வரி கட்டுபவருக்கு எல்லாச் செலவும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. எப்படிப் பார்த்தாலும், சட்டம் செலவை வைத்திருப்பது வணிகரின் ஏட்டில். தொழிலாளியின் சட்டைப் பையில் அல்ல.

வேலைக்குத் தேவையான கருவிகளையும் மூலப்பொருள்களையும் கொடுத்துவிட்டு, அதை 'சேவை' என்று காட்டிச் சம்பளத்தில் பிடிக்க முடியாது என்பதை 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கு இருந்த நியாய உணர்வு நமக்கு இருக்க வேண்டாமா? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா நம்முடையது!

வணிகப் பெருமக்களே! பெருநாளைக்குப் பணியாளருக்குப் புத்தாடை எடுத்துக் கொடுக்கிறீர்கள். அது உங்கள் அன்பளிப்பு. அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். ஆனால் சீருடை அன்பளிப்பல்ல. அது தொழிலாளியின் ஹக். அடுத்த மாதச் சம்பளப் பட்டியலை எடுங்கள். 'சீருடைப் பிடித்தம்' என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, உங்கள் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.