ரெக்கார்டு என்றாலே உசத்தியா?

இசைத்தட்டு மோகம் மறுபடியும் வந்திருக்கிறது. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் சில பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது ரெக்கார்டு வாங்குகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால், "சி.டி.யை விட ரெக்கார்டுதான் உசத்தி, அதிலும் 180 கிராம் கனத் தட்டு என்றால் கேட்கவே வேண்டாம்" என்று அவர்கள் அடித்துச் சொல்லும்போது, ரயில்வேயில் சக்கரத்தோடும் தண்டவாளத்தோடும் காலம் தள்ளிய என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அவர்கள் கொண்டாடும் தட்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் மார்வின் கே 1971-ல் டெட்ராய்ட் மோடவுன் கம்பெனிக்குப் பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்'. சோல் இசையில் தலையாய ஆல்பம். வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பிய தம்பி சொன்னதையெல்லாம் கேட்டு மனம் நொந்து பாடியது. தலைப்புப் பாட்டை வெளியிடவே முதலாளி முதலில் தயங்கினாராம்!

இதன் ஒலிநயத்துக்கு முதல் காரணம் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிடார். தாழ்ந்த சுருதிக்குத் தட்டின் வரிப்பள்ளம் அகலமாக வளைய வேண்டும். அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து, கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக்கொள்வது 1950-களிலிருந்தே உள்ள ஏற்பாடு. அப்படியும் இடம் வேண்டும். இந்த ஆல்பம் மொத்தமே சுமார் 35 நிமிஷம். பக்கத்துக்கு இருபது நிமிஷம்கூட இல்லாததால் தாராளமாக வெட்டலாம். தட்டின் கனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. டெட்ராய்டில் முதலில் செய்த ஒலிக்கலவையை ஒதுக்கிவிட்டு, லாஸ் ஏஞ்சல்ஸில் புதிதாகக் கலந்துதான் தட்டை வெளியிட்டார்கள். ஒதுக்கிய கலவை 2001-ல் சி.டி.யில் வந்தது. இரண்டையும் கேளுங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரே கலவையைத் தட்டிலும் சி.டி.யிலும் கேட்டால் அவ்வளவு தெரியாது. கலந்தவர் கையும் வெட்டியவர் கையும்தான் முக்கியம் என்கிறேன்.

நம் கையில் இருப்பது முள் ஒன்றுதான். தட்டின் வெளி விளிம்பில் முள்ளுக்கடியில் பள்ளம் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும்; உள்ளே போகப்போக வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதே ஒலியை நெருக்கிப் பதிக்க வேண்டியிருப்பதால், இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டு 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' வரும்போது தேய்ந்த முள் 'ஸ்' என்று சீறும். ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சின்ன நாணயம் அளவுதான். அங்கே அழுத்தம் எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும். முள் முனை அதைவிட எவ்வளவோ பொடிசு. நல்ல முள்ளுக்கு இரண்டு கிராம் பாரம் போதும். பெட்டி மாதிரி விற்கிற மலிவு பிளேயர்களில் ஐந்து கிராம்கூட இருக்கிறது. அதில் ஓட்டினால் மூவாயிரம் ரூபாய்த் தட்டு சீக்கிரமே சீரழியும்.

இங்கே கல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் வாங்கும் பழைய தட்டைக் கழுவித் துடைத்து, சரியான முள்ளில் போட்டால் புதுக் கனத் தட்டுக்குச் சளைக்காது. முள் பாரம் பார்க்கிற சின்னத் தராசு என்னிடம் இருக்கிறது. பிளேயர் வைத்திருக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குக் கொண்டுவந்தால் பார்த்துச் சரிசெய்து தருகிறேன்.