செவிப்பா யார் உடைமை?

பாட்டை ஏட்டில் எழுதிப் படித்த காலம் போயிற்று. இனி அதைக் குரலாற் பேசி, ஒலிப்பதிவு செய்து, ஊரார் செவிக்கு வழங்குவதே புதுமை. அப் புதுமையும் மேலைநாட்டார் தந்த கொடை என்று சிலர் முழங்குகின்றனர். முன்னதை வரவேற்கின்றோம். பின்னதை மறுக்கின்றோம்.

அமெரிக்கப் பாவலர் சான் சியோர்னோ, தொலைப்பேசியில் அழைப்பார்க்கெல்லாம் பதிவுசெய்த பாட்டு ஒலிக்குமாறு ஓர் ஏற்பாட்டை வகுத்தார். நியூயார்க்கு இக்காலக் கலை அருங்காட்சியகத்தில் 1970-இல் அஃது இடம்பெற்றது. நல்ல முயற்சியே. கருவி அவர்கள் தந்தது, ஒப்புகின்றோம். ஆயின், வாயாற் சொல்லிச் செவியாற் கொள்வது பாட்டு என்னும் கருத்துமா அவர்கள் தந்தது?

யாப்பிலக்கணத்தைத் திறந்து பாருங்கள்! வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என ஓசை நான்கு. செப்புதல் என்பது சொல்லுதல். அகவுதல் என்பது அழைத்தல். பாவின் ஓசைக்கே பேச்சின் பெயரை இட்ட இனம், பேச்சுப்பாவைப் பிறரிடம் இரந்து பெறுவதா? எழுத்தின் அளவைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தவர் தொல்காப்பியர். வண்ணம் இருபது என அவர் வகுத்ததும் செவியை நம்பியே.

பிறர் வடிவைத் தீண்டலாகாது என்பதன்று நம் கொள்கை. ஈழத்து அளவெட்டியிற் பிறந்து 'மகாகவி' என்னும் புனைபெயரில் எழுதிய உருத்திரமூர்த்தி (1927–1971), ஆங்கிலத்தின் ஐந்தடி நகைப்பாட்டை எடுத்து, தமிழ் ஓசையூட்டி, 'குறும்பா' எனத் தமிழ்ப்பெயரிட்டு 1966-இல் நூலாக்கினார். அன்றாடப் பேச்சோசையையும் யாப்பினுள் அமைத்துக் காட்டினார். அது முயற்சி! ஆங்கிலச் சொற்களை இடையிடையே கொட்டி, ழகரத்தைக் கொன்று, மூச்சிரைப்பை ஓசையென விற்பதோ முயலாமை.

இவர்கள் தேடும் செவிப்பா நம் கரிசற் காட்டிலேயே வாழ்கின்றது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்களில் முளைப்பாரிக் கும்மியில் ஒருத்தி அடியெடுக்க, மற்றையோர் ஏற்றுப் பாடுகின்றனர். பழைய மெட்டினுள் பொய்த்த மழையும் வறண்ட கண்மாயும் புதுச்சொல்லாய் நுழைகின்றன. இழவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் மூதாட்டி, இறந்தாரின் உறவும் உழைப்பும் அமைய அங்கேயே பா யாக்கின்றாள். ஏடறியாப் புலமை அது! எந்தப் பாவரங்கம் அவளை அழைத்தது? கும்மியை இன்று ஒலிபெருக்கியின் திரைப்பாட்டு விழுங்குகின்றது. ஒப்பாரியோ அதைச் சொன்னவளோடே எரிகின்றது.

இசைத்தட்டுப் பதிவு 1902-இலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. பாரதியார் மறைந்தது 1921-இல். இடையே பத்தொன்பது ஆண்டுகள் இருந்தும், தம் பாட்டைத் தாமே பாடிய அக் குரல் நமக்கு வாய்க்கவில்லை. பெரும்பாவலர்க்கே இந்நிலையென்றால், கரிசற்காட்டு மூதாட்டிக்கு யார் உளர்?

இன்று கூலியாள் கையிலும் கைப்பேசி உண்டு. பொருளில்லை என்னும் சாட்டு இனிச் செல்லாது. தமிழாசிரியர்களே! மாணவர்களே! அவளிடம் செல்லுங்கள்; இசைவு பெற்றுப் பதிவு செய்யுங்கள். ஊரும் நாளும் குறியுங்கள். வழக்கொழியும் சொற்களுக்குப் பொருளை அவள் வாயிலாகவே கேட்டெழுதுங்கள். பள்ளிதோறும் அவ்வொலி முழங்கட்டும். அதன்பின் புதிய செவிப்பாவை ஆக்குங்கள். அதற்கு வேரும் இருக்கும், வீறும் இருக்கும்.

முதலிற் கேளுங்கள், பின்னர்ப் பேசுங்கள். செவியிழந்த இனத்துக்குக் குரல் நிலைக்காது!